கம்போடியாவில் தொண்டூழியம்: வந்த நன்றியுணர்வை என்ன செய்வது?

தெம்பனிஸ் வாணி:

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில், உயர்நிலை மூன்றில் படிக்கும் மகனுடன் சிங்கப்பூரிலிருந்து கம்போடியாவுக்குத் தொண்டூழியம் செய்யப் போய்வந்தேன். சியெம் ரீப் நகரிலிருந்து தொன்லே சாப் ஏரிக்குப் போகும் வழியில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி. சுவருக்கு வண்ணம் பூசுவதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் எங்கள் குழுவின் வேலை. வண்ணம் நன்றாகவே வந்தது. ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நான் கணக்கர்.

அங்கே பள்ளி அரை நாள்தான். காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொரு கூட்டம். காலையில் வரும் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளி விட்ட பிறகும் போகாமல் எங்களுடன் நின்று தூரிகை கழுவுவாள். பெற்றோருக்குத் தாய்லாந்தில் கட்டட வேலை, பாட்டி வளர்க்கிறார். அவர்களுடைய கெமர் மொழியில், ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஐந்து வரைதான் தனித்தனிச் சொற்கள். ஆறுக்கு 'ப்ராம் முவோய்', அதாவது ஐந்தும் ஒன்றும். நான் ஒன்பதை உளறும்போதெல்லாம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

சிக்கல் மாலையில்தான். விடுதியில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, "இன்று எதற்கு நன்றி சொல்வீர்கள்?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்பார். குழாயில் வரும் குடிநீர், குளிரூட்டி, வீவக (அரசு அடுக்குமாடி) வீடு என்று சுற்று வரும். என் மகன், "அந்தப் பாப்பாவைப் போல இல்லாமல், அம்மா என்னுடன் இருப்பதற்கு" என்றான். எல்லாருக்கும் கண் கலங்கியது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவன் மேல் கோபமில்லை, மனத்தில் பட்டதைச் சொன்னான். ஆனால் அந்தச் சிறுமி அங்கே இருந்து, அவளுக்குத் தமிழும் புரிந்திருந்தால்?

இவ்வளவு பேசும் நானும், வீட்டில் குழாயைத் திறக்கும்போது அப்பாடா என்றுதான் நினைக்கிறேன். அதையும் மறைக்க மாட்டேன்.

டிசம்பருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. இம்முறை ஒரு குழந்தைகள் இல்லம். பிள்ளைகளுடன் விளையாடி அன்பு காட்டினால் போதுமாம். மகன் துடிக்கிறான். போகலாமா? அவர்களுடைய இல்லாமையை நாங்கள் பாடப்புத்தகம் ஆக்கிக்கொள்கிறோமோ என்ற உறுத்தல் எனக்கு மட்டும்தானா?

ப்னோம்பென் மணி:

வாணி, இரண்டாவது கேள்விக்கு மற்றவர்கள் வரட்டும். முதல் கேள்விக்கு என் பதில்: போகாதீர்கள்.

நான் இந்த ஊரில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் கம்போடியாவில் குழந்தைகள் இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின. அந்த ஆண்டுகளில் இங்கே போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. பெருகியது சுற்றுலாப் பயணிகள். அரசும் யுனிசெஃபும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள்.

உங்கள் தூரிகைச் சிறுமியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பாட்டியிடம் ஒருவர் வந்து, "சோறு, ஆங்கிலம், கணினி எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பிள்ளையை அனுப்புங்கள்" என்றால் அந்த மூதாட்டி என்ன செய்வார்? அனுப்பிவிடுவார். பிறகு அவள் வருகிறவர் முன்னால் ஆட வேண்டும், மடியில் உட்கார வேண்டும், போகிறவருக்குக் கையசைக்க வேண்டும். மறுவாரம் வேறு மடி. எல்லா இல்லமும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் முன்பின் தெரியாத உங்களைப் பிள்ளைகளிடம் விடத் தயாராக இருக்கும் இல்லத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு, நவீன அடிமைத்தனம் பற்றிய விசாரணையிலேயே இந்த அநாதை இல்லச் சுற்றுலாவையும் சேர்த்துப் பேசியது.

பட்டர்வொர்த் பெரியவர்:

மணி தம்பி சொன்னதற்கு மேல் அந்த இல்லத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வாணி, உங்கள் வட்டத்தில் யாராவது ஓர் ஆளுக்கு நன்றி சொன்னார்களா? குழாய்க்குச் சொன்னீர்கள், குளிரூட்டிக்குச் சொன்னீர்கள். உங்களுக்குச் சமைத்துப் போட்டவர் யார்? வகுப்பை உங்களிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் போன பிறகு விட்ட பாடத்தைப் பிடிக்கத் திண்டாடிய ஆசிரியர் யார்? (நான் பள்ளி ஆசிரியராக இருந்தவன். விருந்தினர் வந்தால் அந்த வாரப் பாடத்திட்டம் என்ன கதியாகும் என்று எனக்குத் தெரியும்.) ஒன்பது வரை எண்ணக் கற்றுக்கொடுத்தவளும் இருக்கிறாளே. குழாயைத் திறக்கும்போது வருவது தப்பித்தோம் என்ற நிம்மதி. அது மனித இயல்பு, வந்துவிட்டுப் போகட்டும். அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

கல்லடிப் பாலம்:

அக்கா, நான் மறுபக்கத்தில் இருந்தவன். மட்டக்களப்பு. 2004 சுனாமி வந்தபோது எனக்குப் பத்து வயது. பாடசாலை ஒன்றில் முகாம். பல நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், அநேகமாகக் கரடிப் பொம்மையோடு. எங்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். நாங்கள் அவர்களின் முதுகைத் தடவிக்கொடுப்போம். அம்மா தேநீர் ஊற்றிக் கொடுப்பார். சீனிக்கு எங்கே போனார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். பிறகு நாங்கள் பெடியன்கள் சேர்ந்து, இன்றைக்கு வருகிறவர் எத்தனை நிமிடத்தில் அழுவார் என்று பந்தயம் கட்டத் தொடங்கினோம்.

அதனால் உங்கள் மகன் சொன்னது அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருந்தாலும் உடைந்துபோயிருக்க மாட்டாள். தன் வீட்டு நிலை அவளுக்குத் தெரியாததா?

எனக்கு நினைவில் நிற்பவர் தண்ணீர்த் தாங்கி பொருத்த வந்த ஒருவர். எங்களோடு இருந்து கதைக்க அவருக்கு நேரமே இருந்ததில்லை. குழாய் ஒழுகினால் முணுமுணுத்துக்கொண்டே வந்து திருத்துவார், சாவியைப் பிடி என்று எங்களையும் வேலை வாங்குவார். நான் இன்று குழாய் வேலைதான் செய்கிறேன். அவர் எங்களைப் பார்த்து எதற்கு நன்றிப்பட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

தெம்பனிஸ் வாணி:

பந்தயக் கதையை மகனுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் முகம் சிவந்தான், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான்.

டிசம்பர் பயணத்துக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். காரணத்தையும் எழுதினேன், பதில் இல்லை. ஆனால் பழைய பள்ளியின் தலைமையாசிரியரிடம், என்ன தேவை என்று மொழிபெயர்ப்புச் செயலி வழியாகக் கேட்டேன். கெமர் மொழியில் கதைப் புத்தகங்கள் என்றார். ஆங்கிலம் என்ற பேச்சே இல்லை! மணி அண்ணன், அவை எங்கே கிடைக்கும்? இங்கிருந்து அனுப்பினால் தபால் செலவு புத்தக விலையை விழுங்கிவிடுமே.

ப்னோம்பென் மணி:

இங்கேயே வாங்குங்கள். சிபார் என்ற அமைப்பு கெமர் மொழியில் சிறுவர் நூல்களை அச்சிடுகிறது. ஆசிரியரிடமே எந்த வகுப்புக்கு என்னென்ன என்று பட்டியல் கேளுங்கள், நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சியெம் ரீப் போகும் பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிடலாம். மேலே பெறுபவரின் கைபேசி எண்ணை எழுதினால் வந்ததும் அவரை அழைப்பார்கள். பட்டியல் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.