சீஃபா பிராங்க்: விடுதலைக்குப் பிறகும் ஏன் அதே காசு?

பட்டர்வொர்த் மாணவி
வணக்கம். அடுத்த வாரப் பட்டிமன்றத்துக்கு எங்கள் தலைப்பு "கொடி மாறினால் போதுமா?". மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றித் தேடினால், "14 நாடுகள் இன்றும் பிரான்சுக்கு 50 விழுக்காடு வரி கட்டுகின்றன" என்றுதான் எங்கும் இருக்கிறது. அது உண்மையா? பிரெஞ்சுப் படையை வெளியேற்றிய மாலியும் நைஜரும் காலனிக் காலத்துச் சீஃபா பிராங்க் காசை மட்டும் ஏன் விடவில்லை?

செந்தூல்வாசி
அந்த வாக்கியத்தை அப்படியே மேடையில் சொல்லிவிடாதீர்கள் தங்கச்சி, எதிரணி ஒரே கேள்வியில் உடைத்துவிடும். அது வரி அல்ல, அந்நியச் செலாவணிக் கையிருப்பு. 1945 டிசம்பர் 26-இல் பிறந்த இந்தக் காசை எந்த நேரமும் பிரெஞ்சுக் காசாக (இப்போது யூரோவாக) மாற்றித் தருவோம் என்பது பிரான்சின் உத்தரவாதம். அதற்கு ஈடாகக் கையிருப்பில் ஒரு பங்கைப் பாரிஸ் கருவூலக் கணக்கில் வைக்க வேண்டும். 1973 முதல் 65 விழுக்காடு, பிறகு 50. பணம் ஆப்பிரிக்கருடையதுதான், வட்டியும் உண்டு. ஆனால் நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாது.

இன்னொன்று, சீஃபா ஒன்றல்ல, இரண்டு. டாக்கார் மத்திய வங்கியின் கீழ் மேற்கு ஆப்பிரிக்காவின் 8 நாடுகள், யவுண்டே வங்கியின் கீழ் மத்திய ஆப்பிரிக்காவின் 6. 2019 டிசம்பரில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் ஐவரி கோஸ்ட் அதிபர் ஒவாத்தாராவும் அபிஜானில் அறிவித்த சீர்திருத்தம் டாக்கார் வங்கியின் 8 நாடுகளுக்கு மட்டும்தான். அவற்றுக்கு அந்த 50 விழுக்காட்டுக் கட்டாயம் போய்விட்டது. 1 யூரோவுக்கு 655.957 என்ற பிணைப்பு மட்டும் அசையவில்லை.

எனக்கு உறுத்துவது அந்தப் பிணைப்புதான். பருத்தியும் கொக்கோவும் டாலரில் விலை போகின்றன, காசோ யூரோவோடு ஏறி இறங்குகிறது. யூரோ வலுத்தால் விவசாயிக்கு அடி. யூரோவுக்கு முன் பிரெஞ்சு பிராங்கோடு பிணைத்திருந்தபோதும் இதே கதைதான். கடைசியில் 1994 ஜனவரி 12 அன்று ஒரே இரவில் மதிப்பைப் பாதியாக்கினார்கள்: 1 பிரெஞ்சு பிராங்குக்கு 50 சீஃபா என்பது 100 ஆனது. இறக்குமதி மருந்துக்கு இரட்டிப்புக் காசு கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆயர் ஈத்தாம் வாசகர்
ஏன் விடவில்லை என்பதற்கு, விட்டுப் பார்த்தவர்களின் கதையைப் பாருங்கள். பிரெஞ்சுச் சமூகத்தில் தொடர்வதா என்ற 1958 செப்டம்பர் 28 வாக்கெடுப்பில் கினி 95 விழுக்காட்டுக்கும் மேலாக "வேண்டாம்" என்றது. 1960-இல் அதன் அதிபர் சேக்கு தூரே சொந்தக் காசு அடித்தார். பிரெஞ்சு உளவுத்துறை கள்ள நோட்டுகளைக் கொட்டிக் கெடுத்தது. இந்தக் கொடுமையை மேடையில் கட்டாயம் சொல்லுங்கள்.

மாலி 1962-இல் விலகியது. கையிருப்பு போதவில்லை, அண்டை நாட்டு வியாபாரிகள் மாலி பிராங்கை வாங்க மறுத்தார்கள், கடத்தல் பெருகியது. 1967-இல் மதிப்பைப் பாதியாக்கியும் நிற்கவில்லை. 1984-இல் 2 மாலி பிராங்குக்கு 1 சீஃபா என்று மாற்றிக்கொண்டு திரும்பியது. ஆனால் 1973-இல் விலகிய மொரிட்டானியா இன்றுவரை தன் ஊகியாவோடுதான் இருக்கிறது. ஆகவே விலகினாலே அழிவு என்பதும் பொய்.

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் விலகியது மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து. காசைப் பகிரும் ஒன்றியம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

பட்டர்வொர்த் மாணவி
நன்றி ஐயா. மலேசியாவுக்கு இந்தச் சிக்கல் வரவில்லையா?

செந்தூல்வாசி
வந்தது, அதுவும் பினாங்கில். 1957-இல் விடுதலை, 1959 ஜனவரியில் பேங்க் நெகாரா. சொந்த வெள்ளி வெளிவந்ததோ 1967 ஜூன் 12-இல்தான். பிரிட்டிஷ் காலத்து நாணய வாரியத்தின் பழைய நோட்டு பவுண்டோடு கட்டுண்டது. அந்த நவம்பரில் லண்டன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்ததும், பழைய 1 வெள்ளி 85 காசாகச் சுருங்கியது. புதிய வெள்ளி மதிப்பு இழக்கவில்லை. பழைய நோட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த ஏழைகளுக்குத்தான் நட்டம். நவம்பர் 24 அன்று ஜார்ஜ்டவுனில் கடையடைப்பு கலவரமாக வெடித்தது அதனால்தான். பழைய நோட்டையும் புதிய நோட்டையும் அந்த ஒரு வாரத்தில் அருகருகே வைத்துக் காட்டுங்கள். பினாங்கு அவைக்கு 655.957-ஐ வேறெப்படியும் விளக்க வேண்டியிருக்காது.