தாமரை போன்ற சக்குலன்ட் கன்று, அடி இலைகள் கண்ணாடி போலாகி விழுகின்றன

உப்புவெளி மல்லிகை:
வணக்கம். மாசி மாதம் நுவரெலியா போனபோது தாமரைப்பூ மாதிரி அடுக்கடுக்காக இலை வைத்த சக்குலன்ட் (தடித்த இலையில் தண்ணீர் சேர்த்துவைக்கும் கன்று) ஒன்று வாங்கி வந்தேன். எச்சவேரியா என்று கடையில் சொன்னார்கள். சாம்பல் பூத்த நீல நிறம், ஓரம் மட்டும் இளஞ்சிவப்பு, அவ்வளவு வடிவு. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் போய் நிற்பது அதன் முன்னால்தான். ஹோலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், யன்னல் அங்கிருந்து எட்டடி தள்ளி. கச்சான் காற்று (மேற்கிலிருந்து வரும் வறண்ட வெக்கைக் காற்று) தொடங்கியதிலிருந்து வெக்கையில் வாடிவிடுமோ என்று பயந்து காலையில் ஸ்பிரே போத்தலால் அடிக்கிறேன், இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரும் ஊற்றுகிறேன். தூசி படிந்ததால் ஈரத்துணியால் துடைத்தேன், துடைத்த இடமெல்லாம் சாம்பல் போய் வெறும் பச்சை. இப்போது அடி இலைகள் மஞ்சளாகி, உள்ளே தண்ணீர் நிரம்பிய மாதிரி ஆகி, தொட்டாலே கழன்று விழுகின்றன. தண்டும் நீண்டுகொண்டு போகிறது. அம்மா தண்ணீர் காணாது என்கிறார். வேலியோரக் கற்றாழையை வருடக்கணக்காக யாரும் கவனிப்பதில்லை, அது நன்றாக நிற்கிறது, இது மட்டும் ஏன் இப்படி? காப்பாற்றலாமா?

கன்னியாத் தோட்டம்:
தங்கச்சி, தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். அது தாகம் இல்லை, அழுகல். தாகமெடுத்த கன்றின் அடி இலை சுருங்கி, தாள் மாதிரிக் காய்ந்து, கழலாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி போலாகிக் கழன்று விழுந்தால் வேர் மூச்சுவிட முடியாமல் ஈரத்தில் கிடக்கிறது என்று அர்த்தம்.

எச்சவேரியாவின் சொந்த இடம் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பக்கம், பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். இந்தக் குடும்பத்துக் கன்றுகள் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்துவிட்டு இரவில்தான் திறந்து காற்றை உள்ளே எடுக்கும், தண்ணீர் வீணாகாமல் இருக்க அது பழகிய வழி. இரவு குளிராக இருந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். 1868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவில் அதற்குக் குறையில்லை. எங்கள் திருகோணமலையில் யூன், யூலை இரவுகளில் 25 பாகைக்குக் கீழே இறங்குவதே அபூர்வம், அதோடு கடற்கரை ஈரம் வேறு. கன்று பாதித் தூக்கத்தில் இருக்கும், அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீரைக் குடிக்காது, தண்ணீர் சாடியிலேயே நின்று வேரை அழுகவைக்கும். வெக்கைக்குத் தண்ணீர் கூட்ட வேண்டும் என்பது கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் சரி, இதற்குக் குறைக்க வேண்டும்.

இன்றைக்கே சாடியிலிருந்து வெளியே எடுத்துத் தண்டைப் பாருங்கள். அடி கறுத்து மெதுமெதுவென்று இருந்தால் சுத்தமான கத்தியால் மேலே மேலே வெட்டிக்கொண்டு போங்கள், வெட்டுமுகத்தில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாத இடம் வரும் வரை. பிறகு தலையை மட்டும் நிழலில், காற்றுப்படும் இடத்தில் நாலைந்து நாள் சும்மா வைத்து வெட்டுக்காயத்தைக் காயவிடுங்கள். காய்ந்தபின் உலர்ந்த மண்கலவையின் மேல் உட்கார வைத்தால் போதும், வேர் விடும் வரை தண்ணீர் வேண்டாம். பொதுவாக இரண்டு மூன்று கிழமை எடுக்கும்.

சாம்பல் மாதிரி இருந்தது தூசி இல்லை, இலை தானே பூசிக்கொள்ளும் மெழுகுத்தூள், வெயிலிலிருந்து அதைக் காப்பது அதுதான். துடைத்த இலையில் திரும்ப வராது, புது இலைகள் தூளோடு வரும். தூசி என்றால் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். ஸ்பிரே வேண்டவே வேண்டாம், நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் அங்கிருந்தும் அழுகும்.

மூதூர்க்காரன்:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், மண்ணை மாற்றாமல் தலையை மட்டும் காப்பாற்றினால் ஆறு மாதத்தில் இதே கதைதான். மலைநாட்டிலிருந்து வரும் கன்றுகள் பலதும் தும்பு கலந்த கறுப்பு மண்ணில், மெல்லிய பிளாஸ்டிக் சாடியில் இருக்கும். அந்தக் குளிருக்கு அது சரிவரலாம், இங்கே நடுவில் ஈரம் காயவே காயாது. நான் செய்வது: ஓட்டுத்துண்டு, செங்கல் இரண்டையும் பயறளவுக்கு உடைத்து இரண்டு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, சிரட்டைக்கரி ஒரு கைப்பிடி. கடற்கரை மணல் போடாதீர்கள், உப்பும் இருக்கிறது, பொடியாகவும் இருக்கிறது, தண்ணீர் வடியாது. ஆற்று மணலென்றாலும் அரித்துப் பருக்கையை மட்டும் எடுங்கள். சாடி சுட்ட மண்ணாக இருக்கட்டும், அடியில் துளை கட்டாயம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுவது என்று கணக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை சாடியின் அடி வரை குத்தி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் ஊற்றாதீர்கள். சுத்தமாக வந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுத்து, துளையால் வடியும் வரை ஊற்றுங்கள், தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை மாரி நாட்களில் என் சாடிகளில் மூன்று கிழமை கழித்தும் ஈர்க்கு மண்ணோடு வந்திருக்கிறது.

ஓர்ஸ்ஹில் அக்கா:
தண்டு நீள்கிறது என்று எழுதியதை யாரும் பிடிக்கவில்லை. அது வெளிச்சம் தேடுகிறது. எட்டடி உள்ளே நமக்குத்தான் வெளிச்சம், அதற்கு இருட்டு. கிழக்கு யன்னல் விளிம்பில் வையுங்கள், காலை வெயில் மூன்று நாலு மணித்தியாலமாவது படட்டும். ஆனால் ஒரே நாளில் கொண்டுபோய் வெயிலில் வைக்காதீர்கள், இலை வெந்து பழுப்புத் தழும்பு விழும், அது ஆறாது. ஒரு கிழமை திரைச்சீலைக்குப் பின்னால், பிறகு வெளியே. மேற்கு யன்னல் கச்சான் காலத்தில் வேண்டாம்.

டிவி பக்கத்தில்தான் வேண்டும் என்றால் அங்கே ஹவோர்த்தியா வைக்கலாம். தென்னாபிரிக்காக் கன்று, உருவத்தில் குட்டிக் கற்றாழை, அதே மாதிரி வட்ட அடுக்கு. அங்கே புதருக்கும் கல்லுக்கும் நிழலில் வளர்வது, அதனால் குறைந்த வெளிச்சத்தையும் பொறுக்கும். யன்னலுக்குக் கொஞ்சம் கிட்ட இருந்தால் இன்னும் நல்லது. என் வீட்டில் நாலு வருடமாக இருக்கிறது, குட்டியும் போட்டுவிட்டது.

உப்புவெளி மல்லிகை:
மூவருக்கும் நன்றி. எடுத்துப் பார்த்தேன், வேர் முழுக்கக் கறுப்பு, தண்டில் ஓரங்குலம் வெட்டிய பிறகுதான் வெள்ளை தெரிந்தது. தலை இப்போது அலுமாரி மேல் தட்டில் கிடக்கிறது. விழுந்த இலைகளில் மூன்று கண்ணாடியாகாமல் கெட்டியாக இருக்கின்றன, எறிவதா?

கன்னியாத் தோட்டம்:
எறியாதீர்கள். அடிநுனி கிழியாமல் முழுதாகக் கழன்ற இலையிலிருந்து புதுக்கன்று வரும். இரண்டு நாள் காயவிட்டு உலர்ந்த கலவையின் மேல் படுக்க வையுங்கள், புதைக்க வேண்டாம். நுனியில் இளஞ்சிவப்பு வேர் நூல் மாதிரி எட்டிப் பார்க்கும், அப்போது பக்கத்தில் சில துளி விடுங்கள். தாய் இலை சுருங்கி தானாக உதிரும், பிடுங்காதீர்கள். அந்த மூன்றையும் மகளிடம் கொடுங்கள்.