பாதியில் நின்ற ஃபிளாஷிங்: ஈசியூ ட்யூனிங் அனுபவங்கள்

காரைக்குடி டீசல்:
பள்ளத்தூர்ல ஒரு வீட்டு முகப்புல நின்ன டீசல் கார். அதோட ஈசியூல, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர்ல, ஸ்டேஜ் 1 ஃபைலை (பார்ட்ஸ் மாத்தாம பவர் கூட்டுற ஃபைல்) ஃபிளாஷ் பண்ணி எழுதிக்கிட்டிருக்கும்போது 68 சதவீதத்துல நின்னுடுச்சு. ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்துல அலறுது, கிளஸ்டர்ல எல்லா விளக்கும் எரியுது. ஃபிளாஷ் நடக்கும்போது ஈசியூ ஃபேனைக் கவனிக்காது. பல வண்டியில அது பாதுகாப்புக்குத் தானா ஓடும். பேட்டரியைக் குடிச்சது அதுதான். மீட்டர்ல 11.4 வோல்ட். சப்போர்ட் சார்ஜர் போட்டு 13.5 வோல்ட்ல நிறுத்தி, ரெக்கவரி மோடுல ஒரிஜினல் ஃபைலை எழுதினதும் உசுர் வந்துச்சு. ஈசியூவை எழுப்பி ஃபைலை வாங்குற அடிப்படை புரோகிராமான பூட்லோடர் அழியாததால தப்பிச்சது. அதுவும் போயிருந்தா ஈசியூவைக் கழட்டி பெஞ்சுல வச்சு, சிப்போட நேரடியாப் பேசி எழுதுற பூட் மோடுதான்.

தேவகோட்டை ரஸ்தா:
அண்ணே, எல்லாத்துக்கும் வோல்டேஜ் காரணமில்ல. 100 சதவீதம் எழுதி முடிச்சும் ஸ்டார்ட் ஆகாத வண்டி கானாடுகாத்தான்லேருந்து கட்டி இழுத்து வந்துச்சு. கிராங்க் ஆகுது, டீசல் அடிக்கல. வின்ஓஎல்எஸ் சாஃப்ட்வேர்ல மேப்பை (ஈசியூ பாத்து நடக்குற எண் அட்டவணை) திருத்திட்டு, செக்சம் (ஃபைல் சரியான்னு ஈசியூ சோதிக்கிற எண்) சரிபண்ணாம ஃபைலை வெளிய எடுத்திருக்காங்க. ஒரு எண்ணை மாத்தினாலும் செக்சம் திரும்பக் கணக்கிடணும், இல்லன்னா ஈசியூ அந்த ஃபைலை ஏத்துக்காது.

இன்னொண்ணு, நீங்க எழுதின 'ஒரிஜினல்' அந்த வண்டியிலேருந்தே ரீட் பண்ணதா? பல ஈடிசி17 (போஷ் டீசல் ஈசியூ) வண்டியோட ஓபிடி சாக்கெட் வழியா ரீட் தராது. டூல் சாஃப்ட்வேர் நம்பரை மட்டும் பாத்து சர்வர்லேருந்து ஃபைல் கொடுக்கும். முன்னாடியே யாராவது ட்யூன் பண்ணியிருந்தா அதுல தெரியாது.

புதுவயல் ட்யூனர்:
ரஸ்தா சொல்றது சரி. கண்டனூர் வண்டி ஒண்ணு, திருச்சி ரோட்டுல முந்தும்போதெல்லாம் பின்னாடி கரும்புகைத் திரை. பெஞ்சுல ரீட் பண்ணி ஒப்பிட்டா ஸ்மோக் லிமிட்டரை (காத்துக்கு ஏத்த டீசல் வரம்பு) ஏத்தியிருக்காங்க, பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) பழையபடியே இருக்கு. காத்து இல்லாம டீசல் மட்டும் கூடினா புகைதான் வரும்.

புதுசா தொடங்குற தம்பிங்களுக்கு: மேப்பைத் தொடுறதுக்கு முன்னாடி லாக் (ஓட்டும்போது சென்சார் அளவுகளோட பதிவு) எடுங்க. ஆளில்லாத ரோடு, 3வது கியர், 1500லேருந்து 4000 ஆர்பிஎம் வரை முழு மிதி. லேப்டாப் பக்கத்து சீட்டுக்காரர் கையில. கேட்ட பூஸ்ட், கிடைச்ச பூஸ்ட், ரயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசல் அழுத்தம்), காத்தோட அளவு, இன்டேக் வெப்பம் எல்லாம் வேணும். கேட்ட பூஸ்ட்டே வரலன்னா முதல்ல இன்டர்கூலர் ஹோஸ்ல கசிவு பாருங்க, ட்யூனிங் அப்புறம். டிரைவர் விஷ் மேப்பை (மிதிக்கு எவ்வளவு டார்க், அதாவது இழுவிசை, கேக்கணும்னு சொல்றது) மட்டும் ஏத்தினா ஒண்ணும் நடக்காது. டார்க் லிமிட்டர், ஸ்மோக் லிமிட்டர் ரெண்டுல எது குறைவோ அதுலயே ஈசியூ நிக்கும். லாம்ப்டா (டீசல் முழுசா எரியத் தேவையான காத்தைப் போல எத்தனை மடங்கு காத்து இருக்குங்கிற அளவு) 1.2க்குக் கீழ விடாதீங்க, எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறி டர்போ போகும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல இன்டேக் வெப்பத் திருத்த மேப்பையும் கூலன்ட் வெப்பப் பாதுகாப்பையும் யார் கேட்டாலும் தளர்த்தாதீங்க. எழுதும்போது ஏசி, ஹெட்லைட், லேப்டாப் ஸ்லீப் மூணும் ஆஃப்ல இருக்கணும்.