செல்ஃப் சென்சார்ஷிப்புக்குத் தமிழ்ச்சொல்: அவசரம்

அன்பர்களே,
அரசியல் அறிவியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சோவியத் ஒன்றியத்தில் 1922இல் கிளாவ்லிட் அலுவலகம் வந்தது; அதன் அனுமதி இல்லாமல் நூல் அச்சேறாது. அதற்குத் 'தணிக்கை' போதும். அதிகாரி யாரும் கேட்காமலே, வம்பு எதற்கென்று ஆசிரியர் தானே ஒரு பத்தியை அடிக்கிறாரே, அதற்கு?
– ம.

சுயதணிக்கை. பத்திரிகைகளில் புழங்குவதுதானே.
– ர.

'சுய' வடசொல். தன் + தணிக்கை = தற்றணிக்கை. பொன் + தகடு = பொற்றகடு போல.
– இ.

ஐயா, புணர்ச்சி சரி. மாணவர்கள் அதை 'தற்ற' 'ணிக்கை' என்று பிரித்துப் படிப்பார்கள்.
– ர.

தணிக்கை மட்டும் தூய தமிழா? தெலுங்கில் 'தனிகீ' என்றால் சோதனை. இரண்டும் உருது வழி வந்தவை என்பேன்.
– வே.

தணித்தல் என்றால் குறைத்தல். செய்தியின் சூட்டைக் குறைப்பது தணிக்கை. உருது எங்கே வந்தது?
– இ.

வேர் இருக்கட்டும். "அரசின் தணிக்கை வலுவாக இருப்பதே மக்களாட்சிக்கு நல்லது" என்று என் மாணவி எழுதியிருந்தாள். அவள் நினைத்தது ஆடிட்டை, அதாவது கணக்குச் சரிபார்ப்பை! இலங்கையில் அதற்குக் 'கணக்காய்வு' என்கிறார்கள். குழப்பமே இல்லை.
– செ.

கிழக்கு ஜெர்மனியில் தணிக்கை என்ற சொல்லையே அரசு ஒதுக்கிவைத்தது. புத்தகத்துக்கு 'அச்சு அனுமதி' வாங்க வேண்டும், அவ்வளவுதான் என்றது. நாமும் இதமான சொல் தேட வேண்டாம். 'தன்வாய்ப்பூட்டு' என்போம். "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பா ரிலானுங் கெடும்" என்று வள்ளுவரும் சொன்னாரே.
– வே.

குறள் சரி, வேண்டியவர்கள் விளக்கம் தனி இழையில் எழுதலாம். வாய்ப்பூட்டு பிறர் போடுவது. வாய்ப்பூட்டுச் சட்டம் என்றுதானே சொல்கிறோம்? 1971இல் வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களான பென்டகன் ஆவணங்களைப் பத்திரிகைகள் வெளியிடத் தடை கேட்ட அமெரிக்க அரசுக்கு உச்ச நீதிமன்றம் இணங்கவில்லை. அப்படிப்பட்ட நாட்டிலும் விளம்பரம் போய்விடும், வழக்குச் செலவு தாங்காது என்று ஆசிரியர்கள் வெட்டத்தான் செய்கிறார்கள். அங்கே பூட்டுப் போட்டவர் யார்?
– செ.

தன்னடக்கம்?
– வே.

அது நற்குணம் ஐயா!
– ர.

சரி, மூவர் சுயதணிக்கை பக்கம், என்னையும் சேர்த்து. அதையே போடுகிறேன். ஆடிட் வரும் இடமெல்லாம் கணக்காய்வு. கோப்பை அனுப்பியாயிற்று, நன்றி.
– ம.

தற்றணிக்கையை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம். பொற்றகடு படிக்கிறவர்களுக்கு இது கடினமா?
– இ.