மறு: பைராலிசிஸ் (pyrolysis) – தமிழில் ‘தீப்பகுப்பு’ என்பது சரிதானா?

> பைரோ என்றால் தீ, லைசிஸ் என்றால் பகுப்பு. மின்பகுப்பு, நீர்ப்பகுப்பு வரிசையில் ‘தீப்பகுப்பு’ அழகாக உட்காருகிறது.

உட்காருகிறது ஐயா. ஆனால் கலனுக்குள் தீ எங்கே இருக்கிறது? நெகிழிக் கழிவை மூடிய கலனில் போட்டு, காற்றை விலக்கி, 400–500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். நெகிழியின் நீண்ட மூலக்கூறான பாலிஎத்திலீன் சங்கிலி துண்டு துண்டாக அறுந்து ஆவியாகிறது. ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய். அதையும் வடித்துப் பிரித்த பிறகுதான் டீசல் எஞ்சினுக்கு ஆகும். டேராடூனில் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் 2019இல் திறந்த ஆலை, நாளுக்கு 1 டன் கழிவிலிருந்து 800 லிட்டர் டீசல் எடுக்கும் அளவில் அமைந்தது. ‘தீப்பகுப்பு’ என்று படிக்கும் மாணவன் குப்பைமேட்டில் கொளுத்துவதைத்தான் நினைப்பான். (சங்கப் பாட்டில் ஞெகிழி என்றால் கொள்ளிக்கட்டை என்பது வேறு வேடிக்கை.)

‘வெப்பச் சிதைவு’ பாடநூலில் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுடுவதற்கும் அதே பெயர்; காற்றில்லை என்ற சேதி அதில் இல்லை.

இந்த வேலை நமக்குப் புதிதும் அல்ல. சேங்கொட்டைக் குழித்தைலம் இறக்கும் வைத்தியர், அடியில் துளையிட்ட பானையில் கொட்டையை நிரப்பி, வாயை மூடிச் சீலைமண் செய்து (மண் பூசிய துணியால் அடைத்து), குழிக்குள் இருக்கும் இன்னொரு பானைமேல் வைத்து, சுற்றிலும் வறட்டி அடுக்கி எரிப்பார். தைலம் கீழ்ப்பானையில் சொட்டும். தீ வெளியே, பண்டம் உள்ளே. இராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தை மண் பூசி மூடிக் கரியாக்குவதும் இந்தக் குடும்பம்தான். அதற்குப் பெயர் மூட்டம். ஆகவே ‘மூட்டப்பகுப்பு’. எண்ணெய்க்கு ‘மூட்டநெய்’.

---

> ஆகவே ‘மூட்டப்பகுப்பு’.

கரிமூட்டத்தில் உள்ளே கொஞ்சம் விறகு எரிந்துதான் மற்றதற்குச் சூடு வருகிறது. தீப்பகுப்பிடம் கண்ட குறை இதிலும் இருக்கிறதே! ‘நெய்’யும் வேண்டாம். சங்கிலி சரியாக அறுபடாவிட்டால் மெழுகாக உறைந்து குழாயை அடைக்கும். அந்தச் சனியனுக்கு வேண்டுமானால் அந்தப் பெயரை வைக்கலாம்.

என் பரிந்துரை ‘புடப்பகுப்பு’. புடம் என்றாலே மூடி, மண்சீலை, வெளியே தீ. வினைக்கு வைத்தியர் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்: நெகிழியிலிருந்து எண்ணெய் இறக்கினார்கள்.

---

புடத்தில் மிஞ்சுவது பற்பம் (மருந்துச் சாம்பல்), சொட்டுவது ஒன்றுமில்லை என்று சித்த மருத்துவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் மூட்டத்தைவிட மேல். என்னுடைய ‘மூட்டப்பகுப்பை’த் திரும்பப் பெறுகிறேன். ‘இறக்குதல்’ மட்டும் இன்றே அகராதிக்குப் போகட்டும்.