மறு: செஸ் எஞ்சின் சோதனை – தொடக்க நிலையா, தருநிலையா?

> "தொடக்க நிலை" என்றே போடுங்கள். எல்லாருக்கும் புரியும்.

ஐயா, தப்பாகப் புரியும். தொடக்க நிலை என்றதும் 32 காயும் வரிசையாக நிற்பதுதான் பிள்ளைகளுக்கு நினைவு வரும். நான் சொல் கேட்பது, இரண்டு எஞ்சின்களை (செஸ் ஆடும் கணினி நிரல்களை) மோதவிடும் முன் முதல் சில நகர்த்தல்களை நாமே ஆடிவைத்து, "இங்கிருந்து ஆடு" என்று கொடுக்கிறோமே, அந்த நிலைக்கு. காட்பாடி வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

தம்பி சொன்ன "சமநிலை" கூடவே கூடாது. சமன் என்றால் டிரா என்று ஏற்கெனவே பழகிவிட்டது. அதைவிட, பொருளே தலைகீழ். இன்றைய வலுவான எஞ்சின்கள் வழக்கமான தொடக்கத்திலிருந்து ஆடினால் டிரா மேல் டிராதான், யார் மேல் என்றே தெரியாது. அதனால்தான் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினின் சோதனைகளில் வேண்டுமென்றே வெள்ளைக்குச் சாதகமான நிலைகளைப் பொறுக்கி வைக்கிறார்கள். டி.சி.ஈ.சி. என்ற எஞ்சின் போட்டியின் இறுதியில் 100 ஆட்டம் என்றால் 50 நிலைகள், ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு முறை. நியாயம் அந்த மாற்றலில்தான் இருக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலியும் 15 ஆடும் சமமா என்ன? பேரணாம்பட்டுத் திண்ணையில் கரியால் கோடு போட்டு, புளியங்கொட்டையை ஆடாக வைத்து ஆடுவோம். புலியாக ஜெயித்தவனைப் பாட்டி விடமாட்டார், "இப்ப ஆடு வச்சி ஆடிக் காட்டு" என்பார்.

புலவர் ஐயா தொல்காப்பியத்தில் காட்டிய வல்லநாய், வல்லப்பலகை இரண்டையும் படித்து நேற்றிரவு தூக்கமே போயிற்று. வல் என்றால் சூதாட்டம், அதை ஆடும் காய்க்கு "நாய்" என்று பெயர் இருந்திருக்கிறது! ஆனால் அதிலிருந்து "வல்நிலை" என்றால் பிள்ளைகள் வலுவான நிலை என்றுதான் படிப்பார்கள், எஞ்சினின் வலுவை அளக்கும் பாடத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம். இட்டுவைத்த நிலை என்ற பொருளில் இடுநிலையும் நல்ல சொல்லாக்கம்தான், ஆனால் என் காதில் இடுகாடு கேட்கிறது.

எனக்குத் தருநிலைதான் பொருந்துகிறது. வினைத்தொகை, முக்காலத்துக்கும் நிற்கும். யாரோ தந்தது, ஆடுபவர் தேர்ந்தது இல்லை என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. ஆம்பூர் ஆசிரியை "ஓப்பனிங் என்றே விடலாமே" என்கிறார். அம்மா, ஓப்பனிங் என்பது ஆடுபவர் தாமே விரும்பி எடுக்கும் முதல் நகர்த்தல்கள், இது அவர் கையில் இல்லாதது.

இதுவரை ஐந்து பேர் தருநிலைக்குச் சரி சொல்லியிருக்கிறார்கள், "தொடக்க நிலை" சொன்ன ஐயா இன்னும் ஒப்பவில்லை. கையேட்டில் தருநிலை என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் தருகிறேன். அப்புறம், நிறம் மாற்றி ஆடும் அந்த இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். "மாற்றிணை" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒட்டவில்லை. வியாழன் இரவுக்குள் யாராவது சொல்லுங்கள்.