66 மஸ்டாங்கா 65 கார்வேரா, எதை எடுக்கலாம்?

மிச்சிகன் குளிர்:
ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஒண்ணு 1966 ஃபோர்டு மஸ்டாங், 289 கன அங்குல வி-8, ரெண்டு பேரல் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குறது). இன்னொண்ணு 1965 செவ்ரோலே கார்வேர் கோர்சா, 140 ஹெச்பி. ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டுவேன், ரிப்பேர் நானேதான் பாக்கணும். எது?

பழைய இரும்பு:
இதுல யோசிக்க என்ன இருக்கு, மஸ்டாங்தான். 200 ஹெச்பி, சாதாரண இன்ஜின், எந்த பார்ட் கேட்டாலும் கிடைக்கும், பாடி ஷெல்லே புதுசா செஞ்சு விக்கிறாங்க. கார்வேர்ல இன்ஜின் பின்னாடி, அதைக் குளிர வைக்கிற ஃபேன் அது மேல மல்லாக்க படுத்துக் கிடக்கும், பெல்ட் நின்னவாக்குல கிளம்பி மூலையில திரும்பி படுத்தவாக்குல ஓடணும். கழண்டா ஃபேனும் நிக்கும், ஆல்டர்னேட்டரும் நிக்கும்.

நாலு கார்ப்:
அண்ணே பெல்ட் கதையை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க 😀 நானும் ஒரு தடவை நடுரோட்டுல நின்னேன், ஆனா அது என் தப்பு, கீச்சுன்னு சத்தம் வருதேன்னு வலிச்சு டைட் வச்சுட்டேன், அந்த பெல்ட் கொஞ்சம் தளர்வாதான் இருக்கணும். முன்னாடி டிக்கில ஸ்பேர் ஒண்ணு கிடந்தா வேலை முடிஞ்சுது. கார்வேர் காத்துலயே குளிருற இன்ஜின், ரேடியேட்டர் இல்ல, வாட்டர் பம்ப் இல்ல, கூலன்ட் இல்ல. முன்பக்கம் வெயிட் கம்மி, பவர் ஸ்டியரிங் இல்லாமலே லேசா திரும்பும். உங்க மஸ்டாங்ல பின்னாடி இன்னும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையா அடுக்கின வில்லு), மாட்டுவண்டி.

பழைய இரும்பு:
மாட்டுவண்டி கவுந்து பாத்திருக்கியா தம்பி?

நாலு கார்ப்:
கார்வேர் கவுந்துரும்ங்கிறது 60-63 ஸ்விங் ஆக்சில் மாடல் (பின் சக்கரம் ஆக்சிலோட சேர்ந்தே மேல கீழ ஆடும்) மேல வந்த புகார். அரசாங்கமே டெஸ்ட் பண்ணி 1972ல அப்போதைய மத்த வண்டிகளை விட மோசமில்லைன்னு சொல்லிருச்சு. 65ல சஸ்பென்ஷனே வேற.

பழைய இரும்பு:
சரி விடு, கோர்சாவுல இருக்கிற நாலு கார்புரேட்டரை யார் ட்யூன் பண்றது? அதுல ரெண்டு முழுசா மிதிச்சாதான் திறக்கும், மெதுவா ஓட்டுற ஆளுக்கு பிசின் பிடிச்சு ஒட்டிக்கும்.

டெக்சாஸ் வெயில்:
ரெண்டு பேரும் இன்ஜின்லயே நிக்கிறீங்க. மஸ்டாங்ல விண்ட்ஷீல்டுக்கு முன்னாடி காத்து போற கிரில் இருக்குல்ல, அதுக்குள்ள துரு பிடிச்சா வெளிய தெரியவே தெரியாது, சரி பண்ண ஸ்பாட் வெல்டை ஒவ்வொண்ணா துளைச்சு மேல் தகட்டை எடுக்கணும். அதனால ஒரு பக்கெட் தண்ணி கிரில்ல ஊத்தி கார்பெட்டை தொட்டுப் பாருங்க. கார்வேர்ல ஹீட்டர் போட்டு மோந்து பாருங்க, இன்ஜின் மேல அடிக்கிற காத்துதான் உள்ள வரும், புஷ்ராட் ட்யூப் ஓ-ரிங் (இன்ஜின் ஆயில் வெளிய வராம அடைக்கிற ரப்பர் வளையம்) ஒழுகினா ஆயில் நாத்தம் காட்டிக்கொடுத்துரும், சூடு தாங்குற விட்டான் ரப்பர் ரிங் மாத்தினா நிக்கும். ரெண்டுலயும் பிரேக் ஆயிலை தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் ஒத்தை, ஒரு பக்கம் ஒழுகினா நாலு வீலுக்கும் பிரேக் கிடையாது, எதை எடுத்தாலும் முதல்ல அதை ரெட்டையா மாத்துங்க.

மிச்சிகன் குளிர்:
இன்னைக்கு மஸ்டாங்க்கு தண்ணி ஊத்திட்டேன். ரெண்டே நிமிஷம், வலது பக்க கார்பெட் சொத சொதன்னு ஆயிருச்சு, வித்தவர் முகம் பாக்கணுமே.

பழைய இரும்பு:
விலையை பாதியா கேளு. இன்ஜின் அதே இன்ஜின்தான்.

நாலு கார்ப்:
கோர்சா இன்னும் அங்க நிக்குதா? ஹீட்டரை போட்டுப் பாத்தீங்களா?